கொல்லிமலையில் ஒரு கொல்லைப்புறம்!

உங்க வீட்டுக் கொல்லைப்புறத்தைக் கடைசியா எப்போ எட்டிப் பார்த்தீங்க பாஸ்? துணி காயப்போட, உடைஞ்ச பக்கெட்டைத் தூக்கிப்போட, செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கு அப்பா கண்ணுல படாம ஒளிஞ்சுக்க... அதைத் தவிர? நானும் உங்க கட்சிதான். போன வருஷம் மே லீவுல பெரியம்மா வீட்டுக்குப் போற வரைக்கும்!

பெரியம்மா வீடு கொல்லிமலையில, செம்மேட்டுக்குப் பக்கம். நாமக்கல்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்: காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கடையேழு வள்ளல்களில் ஒருத்தரான வல்வில் ஓரி ஆண்ட மலை. மேலே போய்ச் சேரும்போது தலை கிர்ருனு சுத்தும். ஆனா, பலாப்பழ வாசனை மூக்குல ஏறினதும் எல்லாம் சரியாகிடும்!

வீட்டுக்குப் பின்னால 20 அடிக்கு 15 அடி இடம். சரிவான நிலம். மேட்டுப் பக்கம் ஒரு பலா மரம். சென்னையில வேலை பார்க்கிற அண்ணன், ரெண்டு வருஷம் முன்னாடி அங்கே கொரியன் புல் பதிச்சிட்டுப் போயிட்டான். போட்டோவுல பார்த்தா ஊட்டி! ஆனா, மழையில்லாத மாசங்கள்ல அதுக்குத் தண்ணி ஊத்துறது யாரு? அறுபதைத் தாண்டின, முட்டிவலியோட நடமாடுற பெரியம்மா!

இன்ஜினீயரிங் படிக்கிறோமேனு ஒரு கணக்குப் போட்டேன். 300 சதுர அடின்னா, சுமார் 28 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா, அது 1 லிட்டர். தினம் 5 மில்லிமீட்டர் ஊத்தினாகூட 140 லிட்டர். 14 லிட்டர் குடத்துல பத்துக் குடம்! அதுவும் ஒரு ஆடுகூட மேயாத புல்லுக்கு!

"விடுங்க பெரியம்மா, காஞ்சா காயட்டும்"னேன்.

"உங்க அண்ணன் ஆசையா வெச்சதுடா. வர்றப்ப காஞ்சு கெடந்தா மனசு கஷ்டப்படுவான்"னாங்க.

சும்மா இருப்போமா? களத்துல குதிச்சாச்சு. தேடினதுல மாட்டினதுதான் கடலோர ஸ்டைல் தோட்டம். புல்லுக்குப் பதிலா கூழாங்கல், தண்ணி கேட்காத செடிகள், கரை ஒதுங்கின மரக்கட்டைகள். இங்கிலாந்தோட டஞ்சனஸ் கடற்கரையில, அணுமின் நிலையத்துக்குப் பக்கத்துல, சினிமா டைரக்டர் டெரெக் ஜார்மன் இப்படி ஒரு தோட்டம் போட்டார். 1994-ல் அவர் இறந்துட்டார். ஆனா, 2020-ல் மக்கள் நிதி திரட்டி அந்த இடத்தைக் காப்பாத்தினாங்க. எஸ்ஸெக்ஸில் பெத் சாட்டோங்கிற அம்மா, கார் நிறுத்துற இடத்தையே 1990-களில் சரளைக்கல் தோட்டமா மாத்தினாங்க. வேர் பிடிச்ச பிறகு தண்ணியே ஊத்துறதில்லைனு கொள்கை!

'இதான்டா மேட்டர்'னு, ஒரு மினி லாரி நிறைய கூழாங்கல்லை மலைக்கு ஏத்தினேன். பெரியம்மா சிறுகச் சிறுகச் சேர்த்து வெச்சிருந்ததுல பாதி அதுலயே காலி. புல்லைப் பெயர்த்துட்டு, கல்லைப் பரப்பி, நாலு தொட்டியில கள்ளிச்செடி வெச்சு... ஒரு வாரம் செம சூப்பரா இருந்துச்சு!

ஜூன்ல மழை வந்துச்சு. பாதிக் கல் சரிவுல உருண்டு, கீழ்ச் சுவர்கிட்ட குவிஞ்சது. மீதிக் கல்லை பலா இலை மூடிடுச்சு. கல்லுக்கு நடுவுல சிக்கின இலையை விளக்குமாத்தால கூட்ட முடியாது. குனிஞ்சு, ஒவ்வொண்ணா பொறுக்கணும். அதையும் பெரியம்மாதான் செஞ்சாங்க. போன்ல அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு: "தண்ணி தூக்கினப்பவாவது நிமிர்ந்து நடந்தேன்டா!"

அடுத்த பஸ்ஸிலேயே மலையேறினேன். அப்போதான் உறைச்சது. நான் காப்பி அடிச்சது அவங்க எழுதின விடையை. எங்க கேள்வித்தாளே வேற! கடலோரத்துக் கேள்வி, உப்புக்காத்தும் தண்ணி நிக்காத மண்ணும். நம்ம கடற்கரையிலயும் அதுக்கு விடை இருக்கு. அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் யாரும் தண்ணி ஊத்தாமலே மணலை இறுக்கிப் பிடிச்சிருக்கே! கொல்லிமலையோட கேள்வி என்ன? சரிவுல ஓடுற மழை, கொட்டுற இலை, அதுக்கப்புறம் வர்ற வறட்சி.

இதுக்கு விடை, சுத்தி இருந்த நிலத்திலேயே இருந்துச்சு. சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி, நிழல்ல காபி, ஓரத்துல அன்னாசி. மழையை மட்டும் நம்பி விளையுற சாமையும் தினையும் இந்த மலைமக்களோட பழைய விவசாயம். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பெருகினப்போ, அந்தச் சிறுதானியங்கள் குறைஞ்சுபோச்சு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இங்கே அதை மீட்க வேலை பார்த்திருக்கு. இத்தனையும் சுத்தி இருக்க, நான் இங்கிலாந்துல தேடியிருக்கேன்!

ரெண்டாவது ரவுண்டுல உருண்ட கல்லையெல்லாம் பொறுக்கி, சரிவுக்குக் குறுக்கே மூணு வரிசையா வரப்பு கட்டினோம். வரப்புக்கு மேல் பக்கம் வெட்டிவேர். அதோட வேர் பக்கவாட்டுல பரவாம நேரா கீழே இறங்கி, மண்ணைப் பிடிச்சுக்கும். இடையில அன்னாசிக் கன்றுகள். பலா மரத்துல மிளகுக்கொடி. வாசல்படி ஓரத்துல துளசி, ஆடாதோடை, எலுமிச்சைப் புல். பலா இலையை யாரும் பொறுக்குறதில்லை. விழுந்த இடத்துலயே மூடாக்கு!

நீங்களும் இறங்கப் போறீங்களா? என்கிட்ட சுடச்சுட நாலு பாடம் இருக்கு:

* முதல்ல ஒரு மழையைப் பாருங்க. தண்ணி எங்கே ஓடுது, எங்கே நிக்குதுனு தெரியாம ஒரு கல்லைக்கூட வாங்காதீங்க.

* பக்கத்துக் காலி மனையில தானா வளர்றது எது? அதான் உங்க மண்ணோட செல்லப்பிள்ளை.

* 'வேலையே இல்லாத தோட்டம்'னு ஒண்ணு கிடையாது. முதல் வருஷம் களையும் எடுக்கணும், தண்ணியும் ஊத்தணும். அன்னாசி பழுக்க ஒன்றரை வருஷம், மிளகு காய்க்க மூணு வருஷம்கூட ஆகலாம்.

* முக்கியமா, அங்கே தினமும் குனியப் போறது யாருனு கேளுங்க. அவங்ககிட்ட பிளானைக் காட்டாம மண்வெட்டியைத் தொடாதீங்க!

சரி, அண்ணனோட புல்? ஒரு பாய் அளவுக்கு மட்டும், ஆறடிக்கு மூணடி, திரும்பப் பதிச்சோம். பெரியம்மா போட்ட ஒரே கண்டிஷன் அதான். கணக்குப்படி அரைக் குடத்துக்குக் கொஞ்சம் மேல தண்ணி போதும்.

தீபாவளிக்கு அண்ணன் வந்தான். கொல்லைப்புறக் கதவைத் திறந்தவன், ரொம்ப நேரம் பேசலை. நான் பத்துக் குடம் கணக்கைச் சொன்னேன். "அம்மா என்கிட்ட சொல்லவே இல்லையேடா"னு, போய் அந்தப் பாய்ப் புல்லுல உட்கார்ந்துட்டான்.

மறுநாள் காலையில அந்த அரைக் குடத்தை ஊத்தினது யாருனு நினைக்கிறீங்க? அண்ணன்தான்! பெரியம்மா படியில உட்கார்ந்து, காபி குடிச்சுக்கிட்டே வேடிக்கை பார்த்தாங்க!