பின்சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் என் சைக்கிளின் பின்சக்கரத்தை நானே கழற்றி, பஞ்சர் ஒட்டி மாட்டினேன். ஸ்பானர் இரவல் போயிருந்தது. நட்டுகளை விரலாலேயே இறுகத் திருகிவிட்டுக் கிளம்பினேன். அரைக் கிலோமீட்டர் வரை ஒன்றும் ஆகவில்லை. நாற்சந்தியில் நின்று மறுபடி பெடலை ஓங்கி மிதித்தேன். சக்கரம் 'கடக்'கென்று கோணிக்கொண்டது. டயர் இடப்பக்கச் சட்டத்தில் முட்டி, வண்டி நடுச்சாலையில் நின்றது. பின்னால் ஒரு பஸ். நல்ல வேளை, அதன் ஓட்டுநர் விழிப்பாக இருந்தார்.

சக்கரம் ஏன் கோணியது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெடல் தண்டின் நீளம் 17 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 பற்கள் கொண்ட பெரிய பற்சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 9.7 செ.மீ. பெடலை 400 நியூட்டன் விசையுடன் மிதித்தால் சங்கிலியின் இழுவிசை 400 × 17 ÷ 9.7, அதாவது சுமார் 700 நியூட்டன். எழுபது கிலோ ஆளைச் சங்கிலியில் தொங்கவிட்டதற்குச் சமம்! சங்கிலி வலப்பக்கத்தில் மட்டுமே இருப்பதால் அச்சின் வலமுனைதான் முன்னோக்கி இழுபடும். வலமுனை முன்னே நகர்ந்தால் சக்கரத்தின் முன்விளிம்பு இடப்பக்கம் திரும்பத்தானே வேண்டும்?

இந்த இழுப்பை எதிர்ப்பது நட்டின் அழுத்தத்தால் உண்டாகும் உராய்வு. 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 200 நியூட்டன் கொடுத்தால் திருப்புத்திறன் 30 நியூட்டன் மீட்டர். திருகின் மரைகள் அதை 15,000 நியூட்டன் அளவுக்கு அழுத்தும் விசையாக மாற்றிவிடும். உராய்வுக் குணகம் 0.15 என்று கொண்டால், சட்டத்தின் உள்முகம் வெளிமுகம் இரண்டிலும் சேர்த்து 4,500 நியூட்டன் வரை தாங்கும். விரலால் தரக்கூடியதோ 1 நியூட்டன் மீட்டர் அளவுதான். தாங்கும் விசை அதில் முப்பதில் ஒரு பங்கு, 150 நியூட்டன். எதிரே நிற்பது 700! அதற்காக ஸ்பானரில் இரண்டடிக் குழாயைச் செருகித் திருகிவிடாதீர்கள். அதே கைவிசைக்குத் திருப்புத்திறன் நான்கு மடங்காகி மரை வழுக்கிப் போகும்.

இனி வேலைக்கு வருவோம். பழைய மாதிரி ராடு பிரேக் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். தரையில் சாக்கை விரித்து, வண்டியைச் சீட்டும் ஹாண்டில்பாரும் படும்படி தலைகீழாக நிறுத்துங்கள். பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்புறம் அமர்ந்திருப்பதால், அவற்றைக் கழற்றினால்தான் சக்கரம் வெளியே வரும். இரண்டு நட்டுகளையும் மாறி மாறித் தளர்த்துங்கள். மட்கார்டு கம்பி, கேரியர், ஸ்டாண்டு எல்லாமே அதே அச்சில் கோத்திருக்கக்கூடும். கழற்றும் வரிசைப்படியே வாஷர்களோடு ஒரு கம்பியில் கோத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாட்டும்போது எது முந்தி, எது பிந்தி என்று விழிப்பீர்கள் (நான் விழித்திருக்கிறேன்). சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளினால் சங்கிலி தளரும். அதைப் பற்களிலிருந்து எடுத்துவிட்டுச் சக்கரத்தைப் பின்னே இழுங்கள். சங்கிலியில் கை இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது. பல்லுக்கும் சங்கிலிக்கும் நடுவே அகப்பட்ட விரல் நசுங்கிவிடும்.

மாட்டும்போது சங்கிலியை முதலில் பற்களில் ஏற்றி, அச்சைப் பின்னோக்கி இழுத்து வையுங்கள். சங்கிலியின் நடுப்பகுதி ஒரு சென்டிமீட்டர் அளவு மேலும் கீழும் ஆடலாம். டயருக்கும் இருபுறச் சட்டங்களுக்கும் உள்ள இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்து, நட்டுகளை மாறி மாறி முடுக்குங்கள். பிரேக் கட்டையைத் தாங்கும் தகட்டின் மூடிய முனை, அந்த இடத்தில் ரிம் ஓடும் திசையை நோக்கி இருக்கட்டும். மாற்றிப் பொருத்தினால் பிரேக் பிடித்ததும் ரப்பர் வெளியே நழுவும்.

முன்சக்கரத்தில் சங்கிலி இழுப்பு இல்லை. ஆனால் அச்சு நுழையும் பிளவு கீழ்நோக்கித் திறந்திருப்பதால், நட்டு தளர்ந்த வண்டி பள்ளத்தில் துள்ளும்போது சக்கரமே கழன்று விழலாம். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் கையால் ஓங்கித் தட்டிப் பாருங்கள், அசையக்கூடாது. தெருக்கோடி வரை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, நட்டுகளில் மறுபடியும் ஸ்பானரை வையுங்கள். புதிதாக மாட்டிய வாஷர்களும் பெயிண்டும் சற்று அமுங்கியிருக்கும்; கால் சுற்று திரும்பினாலும் திரும்பும்.