மூளைத் துண்டுக்கும் உப்புக் கணக்கு உண்டு

மரக்காணம் உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மிஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிடுவார்கள். அதில் மெக்னீசியம் அதிகம்; உப்போடு தங்கினால் கைக்கும். அந்த வேண்டாத மெக்னீசியத்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்து, பக்குவமாகக் கலக்குகிற ஆட்களும் இருக்கிறார்கள் தெரியுமா? எலி மூளையைச் சீவிவைத்து மின்சாரத்தால் பேச்சுக்கொடுப்பவர்கள்! பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரிஷிகேஷ் நாராயணன் குழு செய்வது இந்த வேலைதான்.

இப்படிப்பட்ட ஆய்வுக்கூடத்துக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க. மெதுவாக! கதவை ஓங்கிச் சாத்தினாலே நரம்பணுவைத் தொட்டிருக்கும் கண்ணாடி ஊசி நகர்ந்துவிடும். அதற்காகத்தான் மேஜையைக் காற்றழுத்தத்தில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு, மின் இரைச்சல் நுழையாதிருக்க.

அதோ, அதிரும் பிளேடு. பனிக்குளிர் திரவத்துக்குள் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியைச் சீவுகிறது. ஒவ்வொரு துண்டும் 0.3, 0.4 மில்லிமீட்டர், போஸ்ட்கார்டைவிடக் கொஞ்சம் தடிமன். சீவியதும் ஆக்சிஜன் குமிழியிடும் உப்புநீரில் ஒரு மணி நேர ஓய்வு. லிட்டருக்கு ஏழு கிராம் சொச்சம் சோற்றுப்பு. கடல்நீரில் உப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. (மரக்காணத்துக் கல்லுப்பு இங்கே செல்லாது, மன்னிக்கவும்!) எலி போய்விட்டது, துண்டு மட்டும் உயிரோடு இருக்கிறது!

இனிதான் வேடிக்கை. ஒரு கம்பி லேசாக மின்துடிப்பு கொடுக்கும். இன்னொன்று பதிலைக் கேட்கும். பதில் சில மில்லிவோல்ட்தான். இருபது நிமிடம் திரையில் அலுப்பூட்டும் சமதளக் கோடு. பிறகு ஒரே நொடியில் நூறு துடிப்புகள், படபடவென்று! அடுத்து வரும் ஒற்றைத் துடிப்புக்கும் பதில் உரக்க வருகிறது. மணிக்கணக்கில் இறங்குவதில்லை. 1973இல் டிம் பிளிஸ்ஸும் டெரியே லோமோவும் மயக்கத்திலிருந்த முயலின் மூளையில் கண்டு எழுதியது இதைத்தான்.

பதில் ஏறியது எப்படி? இங்கேதான் உப்புநீரில் கலந்த நம் மெக்னீசியம். நரம்பணுவிலுள்ள என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியின் துளையை அது அடைத்துக்கொண்டிருக்கும். 1984இல் வெளிப்பட்ட சங்கதி. ஒற்றைத் துடிப்புக்கு அசையாது. சரமாரியாக வந்தால் விலகும், கால்சியம் உள்ளே பாயும், நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு வலுக்கும். இணைப்பு மட்டுமா? அந்த நரம்பணுவின் மின் சுபாவமே பரவலாக மாறுகிறது என்று 2007இல் ரிஷிகேஷும் டேனியல் ஜான்ஸ்டனும் காட்டினார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆச்சரியம்.

துண்டு சில மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் கோடு ஏறாவிட்டால், நாளைக்குப் புதுத் துண்டு, புது உப்புநீர், மறுபடி முதலிலிருந்து.