பேர் எடுக்கும் வழி: மசாப் டேங்க் முதல் சத்தா பஜார் வரை

2014 ஜூன் 2. தெலங்கானா தனி மாநிலமான அன்று, முதலமைச்சராகப் பொறுப்பேற்ற கே.சந்திரசேகர ராவ் உடனே ஒப்புதல் தந்தவற்றில் மாநில அரசின் சின்னமும் ஒன்று. பச்சை வட்டத்துக்குள் காகதீயர் காலத் தோரணவாயில், அதற்குள் சார்மினார். அன்றிலிருந்து அரசாணைகளிலும் அலுவலகப் பலகைகளிலும் இடம்பிடித்த அந்தச் சின்னத்தை வரைந்தவர் ஏலே லக்ஷ்மண். நல்கொண்டா வட்டாரத்துக் கதிரேனிகூடம் கிராமத்தில் பிறந்து, ஹைதராபாத் வந்து நுண்கலை படித்தவர்.

சின்னம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் பெயர் அங்கே எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் தெரியும். தெலுங்கு நூல்களுக்கு அவர் வரைந்த அட்டைகளும் உள்ஓவியங்களும்தான் காரணம். புத்தக அட்டை வரைந்து யாரும் பெரிய பணம் பார்த்ததில்லை. ஆனால், அந்தப் புத்தகம் வாசகர் வீட்டு அலமாரியில் வருஷக்கணக்கில் இருக்கும். உள்ளே ஒரு வரியில் வரைந்தவர் பெயரும் இருக்கும். 2024-ல் அரசு இந்தச் சின்னத்தை மாற்ற முயன்றபோது தோரணவாயிலையும் சார்மினாரையும் எடுக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்ப, அந்த முயற்சி தள்ளிவைக்கப்பட்டது. ஒரு வடிவம் மக்கள் மனதில் இடம்பிடித்துவிட்டால் அதற்காகச் சண்டை போடவும் ஆள் இருக்கிறது.

லக்ஷ்மண் படித்த கல்லூரி, 2008 முதல் ஜவாஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக ஹைதராபாத்தின் மசாப் டேங்கில் இயங்குகிறது. கந்தியில் ஐஐடி ஹைதராபாத்தின் வடிவமைப்புத் துறை இருக்கிறது. மாதாப்பூரில் ஃபேஷன் வடிவமைப்புக் கல்லூரியான நிஃப்ட் இருக்கிறது. அமீர்பேட்டையில் தெருவுக்குத் தெரு பயிற்சி நிலையங்கள். இவற்றில் கிராஃபிக் டிசைன் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே புத்திமதி சொல்லப்படுகிறது: ‘பெர்சனல் பிராண்ட் உருவாக்கு, நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்.’ எப்படி என்று கேட்டால் பதில் வருவதில்லை. பிள்ளைகளும் தங்கள் பெயரின் முதல் எழுத்தில் ஒரு லோகோ செய்து, அதற்கு விசிட்டிங் கார்டு அடித்து, இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் ஒரு செமஸ்டரைக் கழித்துவிடுகிறார்கள். அந்த லோகோவுக்குப் பின்னால் காட்ட வேலை இல்லை என்றால், அதைப் பார்த்து யாரும் கூப்பிடப் போவதில்லை.

பேர் எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வழி கொஞ்சம் தெளிவாகிறது. தெலுங்கு எழுத்துருக்களின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். இணையத்திலும் அச்சிலும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய தெலுங்கு எழுத்துருக்களுக்கு ஒரு காலத்தில் பெரும் பஞ்சம். அமெரிக்கத் தெலுங்கர்களின் சிலிகான் ஆந்திரா அமைப்பு இதைக் கையில் எடுத்தது. புருஷோத் குமார் குத்துலா என்ற வடிவமைப்பாளர் 2013-ஐ ஒட்டி மண்டலி, என்டிஆர், குரஜாட, ராமபத்ரா என வரிசையாக எழுத்துருக்களைச் செய்து முடித்தார். எல்லாமே திறந்த உரிமத்தில் வந்தன; கூகுள் ஃபான்ட்ஸ் தொகுப்பிலும் சேர்ந்தன. இன்று ஹைதராபாத்தில் தெலுங்கில் ஒரு சுவரொட்டியோ செயலியோ செய்ய உட்காரும் யாருக்கும் இவை இலவசமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

அந்த எழுத்துருக்கள் புலவர்கள், தலைவர்களின் பெயர்களைத் தாங்கியவை. செய்தவர் பெயர் எங்கே? எழுத்துருக் கோப்புக்குள்ளேயே வடிவமைப்பாளர் பெயருக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கோப்பு எத்தனை கணினிகளுக்குப் போனாலும் அந்தப் பெயரும் கூடவே போகும். ஒரு மாணவருக்கு இதைவிட நல்ல விசிட்டிங் கார்டு கிடைக்காது.

தமிழிலும் இதே வழியில் வந்தவர்கள் உண்டு. பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான் எழுத்துரு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து 9 தடிமன்களில் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் பவனம், கவிவனார் எழுத்துருக்களைத் தந்தார். சிவா நல்லபெருமாள் கோவை டி.ஜே. வடிவமைப்புக் கல்லூரியில் படித்துவிட்டு, மேற்படிப்புக்கு அமெரிக்காவின் பால்டிமோர் போனார். அரபியின் சதுரக் கூஃபி எழுத்தைப் போல இடைவெளியில்லாமல் கோத்துக்கொள்ளும் ஆங்கில எழுத்துரு ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பக்கத்து எழுத்துக்கு ஏற்ப ஒவ்வோர் எழுத்தும் தானாக உருமாற வேண்டும். அதைக் கையால் செய்ய முடியாது, நிரல் எழுத வேண்டும். எழுத்துரு உலகில் நிரலாக்கத்துக்குப் பேர்போன டல் லெமிங் அதற்குக் கைகொடுத்தார். கால்குலா என்ற பெயரில் அதை டைப்போதெக் நிறுவனம் வெளியிட்டது. 2015-ல் இளம் எழுத்துரு வடிவமைப்பாளர்களுக்கான சோட்டா கேட்டலிஸ்ட் விருதும் சிவாவுக்குக் கிடைத்தது. தொழில்முறைத் தொடர்பு என்பது இப்படித்தான் உண்டாகிறது. பெரிய ஆளிடம் ‘எனக்கு வழிகாட்டுங்கள்’ என்று போய் நிற்பதைவிட, அவருக்கே ஆர்வம் தட்டும் ஒரு சிக்கலோடு போவது மேல்.

போட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த உதயகுமார் தர்மலிங்கத்தின் ரூபாய்க் குறியீட்டை மத்திய அரசு 2010 ஜூலை 15-ல் தேர்ந்தெடுத்தது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். ஒரே நாளில் நாடு முழுக்கத் தெரிந்த பெயரானார். இதைப் பார்த்துத்தான் லோகோ போட்டி என்று எங்கே அறிவிப்பு வந்தாலும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். உதயகுமார் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர்; ஐஐடி பம்பாயில் தமிழ் எழுத்து வடிவங்களில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். எழுத்தின் கோடும் வளைவும் அவருக்கு அன்றாடப் பழக்கம். போட்டிக்கு வந்தவை 3,000-க்கும் மேல், தேர்வானது ஒன்று. மற்றவர்களில் பெரும்பாலோர் உழைப்புக்குக் கூலி இல்லை. தன் ஆர்வத்துக்கு நேராக வருகிற போட்டியில் கலந்துகொள்ளலாம். இலவசமாக லோகோ கறந்துகொள்ள நடத்தப்படும் போட்டிகளை மாணவர்கள் ஒதுக்குவதே நல்லது.

இனி, ஹைதராபாத்துக்கே உரிய ஒரு சங்கடம். 1998-ல் மைக்ரோசாஃப்ட் தன் மேம்பாட்டு மையத்தை இங்கே தொடங்கியது. 2019-ல் நானக்ராம்கூடாவில் ஒன்பதரை ஏக்கரில் 15,000 பேர் வேலை செய்யும் வளாகத்தை அமேசான் திறந்தது. கிராஃபிக் டிசைன் முடித்தவர்களை இந்த வளாகங்கள் இழுக்கின்றன; சம்பளமும் நன்றாக இருக்கிறது. ஆனால், அங்கே செய்யும் வேலைக்கு ரகசியக் காப்பு ஒப்பந்தம் உண்டு. மூன்று வருஷம் ஒரு திரையைச் செதுக்கினாலும் வெளியே காட்ட முடியாது. அடுத்த நேர்காணலில் ‘என்ன செய்தீர்கள்?’ என்றால் வாயால் சொல்லலாம், அவ்வளவுதான். ஆகவே, படிக்கும் காலத்திலேயே சொந்தமாக ஒன்றைத் தொடங்கி வைத்துக்கொள்வது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அவசியம்.

எதைத் தொடங்குவது? ஊரே பாடம்தான். மூசி ஆற்றின் தென்கரையில், புரானி ஹவேலிக்குப் பக்கத்தில் இருக்கிறது சத்தா பஜார். கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் அச்சகங்களும் நெருக்கியடித்த தெரு. நாணல் பேனாவை மையில் தோய்த்து உருது எழுதும் காதிப்கள் இங்கே நிறைந்திருந்தார்கள். 1990-களில் உருது அச்சுக்கோக்கும் இன்பேஜ் மென்பொருள் வந்தபின் அந்தக் கைகள் குறைந்துவிட்டன. இன்றும் ஒரே பத்திரிகையில் உருது, தெலுங்கு, ஆங்கிலம் மூன்றும் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள்.

அந்த மூன்றையும் ஒரே அட்டையில் உட்கார வைத்துப் பார்த்தால்தான் வேலை தெரியும். நஸ்தலீக் பாணி உருது வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழே சரிந்து இறங்கும். தெலுங்கில் கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் முதல் எழுத்துக்கு அடியில் தொங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை வைத்தால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். தமிழ் வந்தால் சொற்கள் நீளம். செயலியில் ‘சேவ்’ என்று எழுதிய பட்டனுக்குள் ‘சேமிக்கவும்’ அடங்காது. கணினியில் பளபளத்த நீலம், அச்சில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளில் தாளுக்கு வரும்போது மங்கிப்போகும். வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் மிச்சம் (பிளீடு) விடாத வடிவமைப்பு, கட்டிங் மெஷினிலிருந்து வெள்ளைக் கோட்டோடு வெளியே வரும். மெல்லிய எழுத்தைத் தங்க ஃபாயிலில் அடித்தால் ‘அ’வின் சுழி அடைத்துக்கொள்ளும். இத்தனையையும் ஓர் அச்சகக்காரர் ஒரே மாலையில் சொல்லித் தந்துவிடுவார். அவரும் தொழில் தொடர்புதான். நல்ல டிசைனர் யாராவது உண்டா என்று கேட்டு நாள் முழுக்க வாடிக்கையாளர்கள் வருவது அவரிடம்தான். பெரிய ஸ்டூடியோக்களின் இயக்குநர்களை மட்டும் தொடர்பு என்று எண்ணும் மாணவர்கள் தங்களுக்கு முதல் வேலை தரக்கூடியவரைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

பார்த்ததைச் சேர்த்து வைப்பதும் பேர் தரும். டெல்லி வடிவமைப்பாளர் பூஜா சக்சேனா இந்திய ஊர்களின் கடைப் பலகைகளைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்துத் தொகுத்து, எழுத்து வடிவங்களை விளக்கி வந்தார். அது ‘இந்தியா ஸ்ட்ரீட் லெட்டரிங்’ என்ற புத்தகமானது. வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். 2024-ல் மறைந்த ஹனீஃப் குரேஷி, தெருவோரப் பெயின்டர்களின் கையெழுத்தை ஒவ்வொருவர் பெயரிலும் எழுத்துருவாக்கினார். அவர் இணைந்து நிறுவிய ஸ்டார்ட் இந்தியா அமைப்பு 2016-ல் ஹைதராபாத்தின் மக்தா பகுதிச் சுவர்களை ஓவியக் களமாக்கியது. இரண்டு பேருமே மற்றவர்கள் கைவேலையைப் பதிவு செய்யப் போய்த் தங்கள் பெயரையும் நிலைநாட்டியவர்கள்.

இணையம் இதற்கெல்லாம் நல்ல துணை. 2005-ல் தொடங்கி 2012-ல் அடோபியின் கைக்கு வந்த பிஹேன்ஸ் தளத்தில் ஒரு வேலையைத் தொடக்கக் கிறுக்கலிலிருந்து முடிவு வரை காட்டலாம். பார்ஸிலோனாவில் 2014-ல் ஆரம்பித்த ‘36 டேஸ் ஆஃப் டைப்’ நாளுக்கு ஓர் எழுத்து வரையும் பழக்கத்தை உண்டாக்கியது. அதைத் தமிழிலும் தெலுங்கிலும் செய்ய யார் தடுக்கிறார்கள்? சிங்கப்பூரிலிருந்து 2020-ல் கிளம்பிய ஏடிபிலிஸ்ட் தளத்தில் அனுபவசாலிகள் இலவசமாக நேரம் ஒதுக்கிப் பேசுகிறார்கள். நேரில் பார்க்கும் வாய்ப்புகளும் வரும். 2019 அக்டோபரில் உலக வடிவமைப்பு அமைப்பின் பேரவை ஹைதராபாத்தில்தான் கூடியது. அதையொட்டி வடிவமைப்பு வாரமும் நடந்தது. அதை முன்னின்று நடத்திய இந்தியா டிசைன் ஃபோரத்தை நிறுவியவர் கோவை ராஜஸ்ரீ பதி. இத்தகைய நிகழ்ச்சிகளில் தன்னார்வலராகச் சேரும் மாணவருக்கு மேடைக்குப் பின்னால் கிடைக்கும் அறிமுகம், பார்வையாளர் வரிசையில் கிடைக்காது.

வேலை கேட்டு ஸ்டூடியோவுக்கு மின்னஞ்சல் எழுதும்போது நாற்பது வேலைகளை அள்ளிப் போடாமல், ஆறேழு நல்ல வேலைகளை மட்டும் அனுப்புங்கள். கூட்டாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். அந்த ஸ்டூடியோ செய்த ஒரு வேலையைப் பற்றி உண்மையாகத் தோன்றியதை இரண்டு வரி சொல்லுங்கள்.

கடைசியாகச் சட்டம். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலைக்குச் சேர்ந்து செய்யும் படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை தந்தவருக்கே சொந்தம். வெளியாளாகச் செய்து உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். உரிமையை விற்ற பிறகும் ‘இதைச் செய்தது நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ம் பிரிவு படைத்தவரிடமே விட்டு வைத்திருக்கிறது. ஆகவே, வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, என் தொகுப்பில் இதைக் காட்டிக்கொள்வேன், என் பெயர் இடம்பெற வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

வேலை தருகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையோ கோயில் மலரோ கடை நோட்டீஸோ, அச்சகத்தின் பெயரைக் கீழே போடுகிறோம். படித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை அதை வடிவமைத்திருந்தால், பேசிய கூலியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் பெயரையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.