இடமறிந்து பயிற்றல்

எவனுக்கு எதனைப் பயிற்றுவது என்பது ஆசிரியர்க்கும் அண்ணாவியார்க்கும் அணித்தலைவர்க்கும் பொதுவான வினாவாகும். திருக்குறளிலே தெரிந்து தெளிதல் 51ஆம் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடல் 52ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆளை ஆராய்ந்து தெளிதல் ஒன்று. தெளிந்தவனை அவனுக்குரிய வினையில் நிறுத்துதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்படும் துறைகளுள் கூடைப்பந்தாட்டமும் ஒன்று.

மட்டக்களப்புக்குக் கூடைப்பந்தாட்டம் புதியதன்று. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவியாகிய ஹெபெர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரி அணியைப் பயிற்றி, அதன் பெயர் இலங்கை முழுவதும் அறியப்படச் செய்தவர். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் நாள் வழிப்பயணத்தில் காணாமற் போன அப்பெரியாரின் பணி, இன்றும் அந்நகர மக்களால் நினைவு கூரப்படுகின்றது. எனினும் களமும் கூடையும் எல்லா ஊர்க்கும் எளிதிற் கிட்டுவன அல்ல. மாவட்டத்தின் வட எல்லையை அண்டிக் கடலோரத்தே அமைந்த கதிரவெளி போன்ற ஒரு கிராமத்திலே, ஆடுவதற்கு ஐவரைத் திரட்ட இயலாத இளைஞனும் இன்று கைத்தொலைபேசி வழியே ஓர் அணியை நடத்தல் கூடும். இணையத்தில் நிகழும் கூடைப்பந்தாட்ட முகாமை விளையாட்டுகள் அதற்கு இடந்தருகின்றன. அவற்றுள் பஸர்பீற்றர் என்பது பயிற்சிக்கு முதன்மை கொடுப்பது. அதில் விளையாடுவோன் பந்தைத் தொடுவதில்லை; வீரரைத் தெரிந்து, இடங்கொடுத்து, பயிற்சியை வகுப்பதே அவன் தொழில்.

இவ்விடங்கள் யாவை என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் 13 விதிகளோடு இவ்வாட்டத்தை வகுத்தபோது, ஓரணிக்கு ஒன்பதின்மர் ஆடினர். பின்னரே ஐவர் என வரையறுக்கப்பட்டது. அவ்வைவருள் பந்தை நடத்திச் செல்வோன் பொயின்ற் கார்ட். தூரத்திலிருந்து எறிவோன் சூட்டிங் கார்ட். உள்ளும் புறமும் இயங்குவோன் ஸ்மோல் போர்வேர்ட். கூடையருகே வலிமையோடு பொருவோன் பவர் போர்வேர்ட். கூடையின் கீழ் நின்று காப்போன் சென்ரர். முன்னிருவர்க்குப் பந்தைக் கையாளலும் பிறர்க்கு வழங்கலும் வெளித்தடுப்பும் வேண்டும். பின்னிருவர்க்கு உள்ளெறிவும் உட்டடுப்பும் மீள்பந்து பற்றலும் வேண்டும். நடுநிற்பவனுக்கோ இரண்டும் வேண்டும்.

இனி, முகாமை விளையாட்டின் பயிற்சி முறையை நோக்குதல் தகும். வாரந்தோறும் ஒரு திறனையும், அத்திறன் எவ்விடத்தார்க்குப் பயிற்றப்படும் என்பதையும் தெரிதல் வேண்டும். அவ்வாரத்து ஆட்டங்களில் அவ்விடத்தில் 48 நிமிடம் ஆடியவனே முழுப்பயனையும் பெறுவான். ஓர் ஆட்டம் 48 நிமிடம். வாரத்துக்குப் பொதுவாக மூன்று ஆட்டங்கள். ஆகவே ஓரிடத்துக்கு வாரம் 144 நிமிடங்களே உள. ஓரிடத்தை மட்டும் தெரிந்தால் மூவர் நிறைவாகப் பயில்வர். ஈரிடங்களைத் தெரிந்தால் அறுவர் பயில்வர். ஆனால் இடங்கள் பெருகுந்தோறும் ஒவ்வொருவரும் பெறும் பயன் குறைந்து செல்லும். ஒரு வாய்க்கால் நீரைச் சில வரவைகளுக்குப் பாய்ச்சினால் அவை நிறையும். வயல் முழுவதற்கும் பரப்பினால் எங்கும் நனையும், எங்கும் நிறையாது. எந்த இடத்தைப் பயிற்றுவது என்ற வினா, எவரைப் பயிற்றாது விடுவது என்ற வினாவாகவும் ஆகின்றது.

அம்மூவரைத் தெரிதற்குக் கொள்ளத்தக்க அளவைகள் இரண்டு. முதலாவது வயது: இளையோர் விரைந்து கற்பர், ஆண்டு ஏற ஏற வேகம் குறையும். இரண்டாவது உயரம்: குறியவர் பந்தைக் கையாளல் முதலிய புறத்திறன்களையும், நெடியவர் கூடையருகே வேண்டும் அகத்திறன்களையும் எளிதிற் பெறுவர். இவ்விரண்டும் பயிற்சியால் மாற்ற இயலாதவை. மாற்ற இயலாததை முதலில் நோக்கி, மாற்றக்கூடியதைப் பின்னர் வகுத்தலே முறையாகும். இன்று சற்றுத் திறன் மிக்க முதியவனைவிட, திறன் குறைந்த இளையவனே பயிற்சிக்குரியவன் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவே கருத்தாயின், நெடியவனைக் கூடையடியிலும் குறியவனைப் புறத்திலும் நிறுத்திப் பயிற்றுதல் போதும் எனத் தோன்றும். ஆனால் சிக்கல் ஈண்டே எழுகின்றது. பந்தைக் கையாள அறியாத நெடியவனை எதிரணி எளிதில் மடக்கும். காக்க அறியாத எறிவோன் ஈட்டிய புள்ளிகளைத் தானே இழப்பான். ஆகவே நெடியவனுக்கும் புறத்திறன் சிறிது வேண்டும். அதனை ஊட்டுவதற்கோ, அவனைப் பொயின்ற் கார்ட் இடத்தில் 48 நிமிடம் ஆடவிடுதல் வேண்டும். அவன் அவ்விடத்தில் தடுமாறுவான். ஆட்டம் கைநழுவவும் கூடும். இன்றைய வெற்றியா, நாளைய வீரனா என்பதே முகாமையாளன் வாரந்தோறும் விடுக்க வேண்டிய புதிராகும். அனுபவமுடையோர் பயன் குறைந்த ஆட்டங்களிலும், வீரன் மிக இளையனாக உள்ள பருவத்திலும் இவ்விழப்பை ஏற்றுக்கொள்வர். அப்பருவத்தில் இழப்புச் சிறிது, பேறு பெரிது.

மெய்யான களத்திலும் இவ்வுண்மை காணப்படுகின்றது. வலைப்பந்தாட்டத்தில் ஏழு இடங்களும் விதியாலேயே வரையறுக்கப்பட்டவை. இன்னாள் இன்ன பகுதியிலே தான் நிற்கலாம் என்பது சட்டம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 2.08 மீற்றர் உயரங்கொண்ட தர்ஜினி சிவலிங்கம், எறிவோள் என்ற ஓரிடத்திலேயே நிகரற்றவராகி, 2018ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் திகழ்ந்தார். ஓரிடப் பயிற்சியின் சிறப்புக்கு அவர் சான்றாவார். கூடைப்பந்தாட்டத்திலோ ஐந்து இடங்களும் வழக்கால் அமைந்தவையே அன்றி விதியால் அமைந்தவை அல்ல. 1980ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழின்முறை இறுதிச் சுற்றின் ஆறாம் ஆட்டத்தில், காயமுற்ற கரீம் அப்துல் ஜபாருக்குப் பதிலாக இருபது வயதினரான மஜிக் ஜோன்சன் சென்ரர் இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கினார். 2.06 மீற்றர் உயரமுடையவராயினும் அவர் பயின்றது பொயின்ற் கார்ட் இடம். அன்று அவர் 42 புள்ளிகளும் 15 மீள்பந்துகளும் பெற, லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி வாகை சூடியது. அந்தனி டேவிஸ் என்பாரோ பள்ளிப் பருவத்தில் குறியவராய்ப் புறத்தே ஆடியவர். பின்னர் சில அங்குலமல்ல, ஏறத்தாழ எட்டு அங்குலம் வளர்ந்தார். முன்பு கற்ற பந்தாளுந்திறன் நெடியவரான பின்னரும் அவரை விட்டு நீங்கவில்லை. வளரும் பருவத்தில் உடலை மட்டும் நோக்கி இடங்குறித்தல் எத்துணைப் பிழைபடக்கூடும் என்பதை இது காட்டும்.

மட்டக்களப்புக் கூத்து மரபு இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. கூத்துப் பழகத் தொடங்குமுன் அண்ணாவியார் ஒவ்வொருவர்க்கும் அவரவர் பாத்திரத்தை வழங்குதலைச் சட்டங் கொடுத்தல் என்பர். தோற்றம், குரல், ஆட்டத்திறன் ஆகியன நோக்கியே அது நிகழும். ஆயினும் களரியிலே பழகுவோன் தன் பாத்திரத்தை மட்டும் கற்பதில்லை. பிறர் ஆட்டத்தையும் பாட்டையும் நாள்தோறும் கேட்டும் கண்டும் பழகுகின்றான். இடம் ஒன்று, கல்வி பலவாகும்.

இவற்றால் பெறப்படும் முறை பின்வருமாறு: இளமையில் பல இடங்களையும் காட்டுதல், உடலும் திறனும் தெளிந்த பின் ஓரிடத்தில் ஊன்றிப் பயிற்றுதல், இழப்பை ஏற்கத்தக்க ஆட்டங்களை முன்கூட்டியே குறித்து வைத்தல். முகாமை விளையாட்டுக்கு இது சாலும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேறுபாடு உண்டு. கணினி அணியின் தலைவன் மூவரைப் பயிற்றி, எஞ்சியோரைச் சந்தையில் விற்றுவிடலாம். ஆசிரியனுக்கு அவ்வுரிமை இல்லை. ஓரத்து இருக்கையில் ஆட்டம் முழுவதும் அமர்ந்திருக்கும் மாணவனும் அவன் பொறுப்பே. வாரத்தின் 144 நிமிடங்களில் அவனுக்கு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவனே, இவ்விளையாட்டுக் கற்பிக்கும் பாடத்தை முற்றக் கற்றவனாவான்.