குழந்தைக்குக் கேட்கும் குரல்

“பாட்டி என்னைக் கூப்பிடறாங்க” என்று, மூன்று மாதங்களுக்கு முன் இறந்துபோன பாட்டியைப் பற்றி ஒன்பது வயதுச் சிறுமி சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? முதலில் ஓர் அதட்டல், அடுத்து தாயத்து, பிறகு மந்திரிப்பு. மனநல மருத்துவரான என்னிடம் அழைத்துவரப்படும் குழந்தைகளில் பலர் இவை அனைத்தையும் கடந்தே வருகிறார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ செல்வதை நான் தடுப்பதில்லை. சிகிச்சையும் உடன் நடக்கட்டும் என்றே கேட்கிறேன். ஆனால், அடிப்பதையும் கட்டிவைப்பதையும் எந்த நம்பிக்கையின் பெயராலும் ஏற்க இயலாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தீ விபத்தில் இறந்த 28 பேரில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய பிணைப்பைத் தடைசெய்திருக்கிறது.

குரல் கேட்டாலே மனச்சிதைவு நோய் என்று பெற்றோர் நடுங்குகிறார்கள். பதின்மூன்று வயதுக்கு முன் அந்நோய் தொடங்குவது மிக அரிது. துயரம், கடும் பதற்றம், தூக்கமின்மை, வெளியே சொல்ல முடியாத பாலியல் துன்புறுத்தல் ஆகியவையும் குரலாகவோ உருவமாகவோ வெளிப்படலாம். உறங்கப்போகும் தருணத்தில் மட்டும் கேட்கும் ஒலி பெரும்பாலும் கவலைக்குரியதன்று. கற்பனைத் தோழனோடு விளையாடுவது நோயே அன்று.

உடல்சார்ந்த காரணங்களை முதலில் விலக்க வேண்டும். காய்ச்சல், வலிப்பு, சில மருந்துகள் ஆகியவையும் பிரமையை உண்டாக்கும். நோய் எதிர்ப்பு அமைப்பே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளையழற்சி 2007இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது. நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை திடீரெனப் பிதற்றும், பேச்சு குழறும், கைகால்கள் தாமாக அசையும். ‘பேய் பிடித்தது’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தோற்றம் இல்லை! உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். இந்த அறிகுறிகளுக்கு அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். ‘செத்துப்போ’, ‘அடி’ என்று குரல் கட்டளையிட்டாலும் அவ்வாறே.

வீட்டில் வாதிட வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். “எனக்குக் கேட்கவில்லை; உனக்குக் கேட்பது பயமாக இருக்கிறதா?” என்று கேட்டால் போதும், பிள்ளை பேசத் தொடங்கும்.

தந்தையர் தாழ்ந்த குரலில் கேட்பது வேறு: “நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகுமா, டாக்டர்?” சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் கடமையைச் சட்டம் எங்கள்மீது சுமத்தியுள்ளது. உள்நோயாளியாகச் சேர்த்தாலும் சிறார்களைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. பாதுகாவலர் உடனிருக்க வேண்டும். ஊரார் பேச்சுக்கு அஞ்சுவோர் 14416 என்ற ‘டெலி மனஸ்’ எண்ணில் இரவிலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டுத் தொடங்கியதை, குரல் நின்றுவிட்டது என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது.

வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். குரல் எப்போது கேட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்குமுன் பிள்ளை எத்தனை மணி நேரம் உறங்கியது, என்ன மருந்து உட்கொண்டது என்பவற்றை அதில் எழுதியிருந்தால், முதல் நாளிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.