ஊவாத் தோட்டப் பிள்ளைகளின் கல்வி: தடைகளும் வழிகளும்

மாணவர்களே! பின்தங்கிய பிரதேசப் பிள்ளைகளின் கல்வி பற்றிக் கட்டுரை எழுதும்போது, நம்மிற் பலர் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். தோட்டத்திலிருந்து வரும் மாணவர்கள்கூட அவ்வாறே எழுதுவதைக் கண்டிருக்கிறேன். அது சரியான விடையா? பதுளை மாவட்டத் தோட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

1. வரலாற்றுப் பின்னணி

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, கொஸ்லந்தை முதலிய இடங்களில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. ஆனால் பல தோட்டங்களில் பாடசாலை என்பது ஒரு மண்டபமும் ஓர் ஆசிரியருமே. அங்கு எழுத்தும் எண்ணும் கற்ற பிள்ளை பின்னர் மலைக்கு வேலைக்குச் சென்றது.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எனினும் தோட்டப் பாடசாலைகள் தொடர்ந்து நிருவாகத்தின் கீழேயே இருந்தன. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 முதல் அவற்றை அரசு கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. அதாவது, ஏனைய பிள்ளைகளைவிட முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தியே தோட்டப் பிள்ளைக்கு அரச பாடசாலை கிடைத்தது. இன்று ஒரு தாத்தாவால் பேரனின் கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால், அதற்குக் காரணம் அக்கறையின்மை அன்று. அவருக்குப் பாடசாலையே கிடைக்கவில்லை.

2. இன்றைய தடைகள்

அ. தூரம்: பல தோட்டங்களில் ஆரம்பப் பிரிவு மட்டுமே உண்டு. மேல் வகுப்புக்கு மலைப்பாதையில் நடக்க வேண்டும் அல்லது பஸ்ஸில் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் வரவு குறைகிறது.

ஆ. ஆசிரியர் பற்றாக்குறை: கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களிலேயே இது அதிகம். உயர்தர விஞ்ஞானப் பிரிவு நகரப் பாடசாலைகள் சிலவற்றிலேயே உள்ளது.

இ. குடும்ப நிலை: நாட்கூலியில் வாழும் வீட்டில் பஸ் கட்டணமும் அப்பியாசக் கொப்பியும் பெருஞ்செலவு. அம்மா கொழுந்தெடுக்கச் சென்றால் தம்பி தங்கையைப் பார்ப்பது மூத்த பிள்ளையின் வேலையாகிறது.

ஈ. இடர்கள்: 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. தப்பியவர்களுக்கு அப்பகுதிப் பாடசாலைகளே தங்குமிடமாயின. 2020, 2021 கொரோனாக் காலத்தில் கற்பித்தல் தொலைபேசிக்கு மாறியபோது, கருவியும் சமிக்ஞையும் இல்லாத பிள்ளைகள் கற்றலை இழந்தனர்.

3. எடுக்கப்பட்ட நடவடிக்கைகள்

இலவசப் பாடநூலும் சீருடைத் துணியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டன. 1980 களில் சுவீடன் நாட்டு உதவியுடன் தோட்டப் பாடசாலைகள் மேம்படுத்தப்பட்டன. ஜேர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. 1997 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி 5 முதல் 14 வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கியது. 2016 இல் அது 16 வயதாக உயர்த்தப்பட்டது. 2014 இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் உதவியாளர் பதவிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் தொடக்கக் கொடுப்பனவு மாதம் 6,000 ரூபாவே.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளில் 5 சதவீத இடங்கள் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. பதுளையும் மொனராகலையும் அவற்றுள் அடங்கும். ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அருகில் விஞ்ஞானப் பிரிவே இல்லாத பிள்ளைக்கு மருத்துவபீட ஒதுக்கீட்டால் என்ன பயன்? மேற்படியில் கைகொடுத்தால் மட்டும் போதாது, முதற்படியும் வேண்டும்.

4. செய்யத்தக்கவை

• தோட்டத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையிலாவது விஞ்ஞானப் பிரிவும் ஆய்வுகூடமும் அமைத்தல்.
• தூரப் பிள்ளைகளுக்குக் காலை பஸ் சேவையும் விடுதி வசதியும் வழங்குதல்.
• கஷ்டப் பிரதேச ஆசிரியருக்கு வதிவிடமும் மேலதிகக் கொடுப்பனவும் அளித்தல்.
• இடைவிலகும் அபாயமுள்ள பிள்ளையை வரவு இடாப்பின் மூலம் முன்கூட்டியே அறிந்து, வீட்டுக்குச் சென்று பேசுதல்.
• சாதாரண தரம் எழுதியவர்கள் பெறுபேறு வரும்வரை தரம் 3, 4 பிள்ளைகளுக்கு மாலையில் வாசிப்புக் கற்பித்தல். இதற்குப் பணம் தேவையில்லை.

5. ஓர் எடுத்துக்காட்டு

எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 1934 இல் பதுளைப் பகுதியின் ஊவாக் கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர். தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். தாமும் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்து, அவ்வூரின் பெயரையே தம் பெயரில் சேர்த்துக்கொண்டார். வீட்டில் ஒருவர் கற்றிருந்தால் அடுத்த தலைமுறைக்கு வழி திறக்கும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. அந்த வாய்ப்பு ஒரு சில வீடுகளுக்கு மட்டுமன்றி எல்லா லயன்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

முடிவுரை

ஆகவே, "அக்கறை இல்லை" என்பது விடையன்று. தாமதமாகக் கிடைத்த பாடசாலை, தூரம், ஆசிரியர் பற்றாக்குறை, வறுமை என்பனவே காரணங்கள். காரணத்தைச் சரியாக எழுதுபவரே தீர்வையும் சரியாக எழுதுவார். நீங்கள் தோட்டத்துப் பிள்ளையாயின், உங்கள் வீட்டில் முதன்முதலாகச் சாதாரண தரம் எழுதுபவர் நீங்களாக இருக்கலாம். அதைத் தாழ்வாக எண்ணாதீர்கள். உங்கள் தம்பி தங்கைக்கு அந்தக் குறை இராது.

பயிற்சி வினாக்கள்
1. இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாமதமாகக் கிடைத்தமைக்கான காரணத்தை விளக்குக.
2. மாவட்ட ஒதுக்கீடு மட்டும் போதாது என்பதற்கு ஒரு காரணம் தருக.
3. உமது பிரதேசத்தில் காணும் ஒரு தடையையும் அதற்கான தீர்வையும் எழுதுக.