கை ஓரிடம், கண் ஓரிடம்

விபத்தில் அடிபட்டவர் மேனியில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு படுத்திருக்கலாம். ஆயினும் உள்ளே மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்துகொண்டே போகிறதா என்பதை, நாடியைப் பிடித்தோ வயிற்றை அமுக்கியோ நிச்சயமாகச் சொல்லிவிட முடியாமையே வைத்தியர்களை நெடுங்காலம் வாட்டிவந்த சங்கடம். கர்ப்பிணிகளுக்கு எடுப்பதாகவே நம்மில் பலர் அறிந்துள்ள அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இந்தச் சங்கடத்தைப் பெரும்பாலும் நீக்கியது. ‘ஃபாஸ்ட்’ என்னும் பரிசோதனையில், இருதயத்தின் உறை, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள சந்து, இடப்புறம் மண்ணீரலையொட்டிய சந்து, அடிவயிறு ஆகிய நான்கு ஸ்தலங்களைப் பார்ப்பார்கள். மல்லாந்து படுத்தவர் வயிற்றில் கசிகிற ரத்தம் பள்ளம் நாடித் தேங்குவது இயற்கை. கல்லீரலும் சிறுநீரகமும் சாம்பல் நிறத்தில் ஒட்டித் தெரியவேண்டிய இடத்தில், நடுவே கறுப்பாக ஒரு கீற்று ஓடினால், அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு அதுவே எச்சரிக்கை.

விபத்து நடந்த இடத்திலேயே இதைச் செய்தால் என்ன என்று ஜெர்மனியில் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 230 பேரைச் சேர்த்து நடந்த அந்தச் சோதனையில், ஸ்கேன் சராசரியாக இரண்டரை நிமிஷத்துக்குள் முடிந்தது. ஆஸ்பத்திரி ஸ்கேனைவிடச் சுமார் 35 நிமிஷம் முன்னதாகவே விஷயம் தெரிந்தது. நூற்றுக்கு 22 பேர் விஷயத்தில், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்ற தீர்மானமே மாறியது. என்னைக் கேட்டால், விசேஷம் இந்தக் கடைசிக் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் அவசர வண்டியோடு வைத்தியரே போகிறார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரும்பாலும் போகிறவர் பாராமெடிக். மூச்சு அடைபடாமல் காக்கவும் ரத்தப் பெருக்கைக் கட்டவும் தேர்ந்தவரேயாயினும், ஸ்கேன் படத்தைப் படித்தறியும் பழக்கம் அவருக்கு இருக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

படத்தைப் படித்தறிய ஆளில்லாத இதே தொல்லை ஆகாயத்தில் இன்னும் கடுமையாக எழுந்தது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் எக்ஸ்ரே இல்லை, சி.டி. ஸ்கேன் இல்லை, உடம்பின் உட்புறத்தைப் பார்க்க இருந்தது ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி மட்டுமே. டெட்ராய்ட் நகரத்து ஹென்றி ஃபோர்ட் ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஸ்காட் டல்சாவ்ஸ்கியும் நாசாவைச் சேர்ந்தவர்களும் கண்ட யுக்தி, ஸ்கேன் பார்க்கிறவரின் தொழிலை இரண்டாகப் பிரித்ததுதான்: விண்வெளி வீரர் ஒருவர் ‘ப்ரோப்’ என்னும் ஸ்கேன் கைப்பிடியை உடம்பில் வைத்துப் பிடிப்பார், பூமியிலிருக்கும் நிபுணர் அதே படத்தைத் தம் திரையில் பார்த்து, குரலால் அந்தக் கையை நடத்துவார். மேலே சென்றவர்கள் கற்றுக்கொண்டது சில மணி நேரப் பாடம் மட்டுமே. சொன்ன சொல் போய்ச் சேர்ந்து படம் மாறித் திரும்பச் சுமார் இரண்டு விநாடி ஆகிவிடுமாதலால், “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று அவசரப்படுத்துகிறவர் தாம் தேடிய இடத்தைத் தாண்டியே போய்விடுவார். ஆகவே ‘நகர்த்துங்கள்’ என்றால் இடம் பெயர்வது, ‘திருப்புங்கள்’ என்றால் நின்ற இடத்திலேயே சுழல்வது, ‘சாய்த்துப் பிடியுங்கள்’ என்றால் அடி அசையாமல் பிடியை மட்டும் சரிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு கட்டளைக்கும் பின் பொறுமையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். கருவியின் சிறப்பைவிட இந்தப் பரிபாஷையின் கட்டுப்பாடே காரியத்தைச் சாதித்தது என்பது என் அபிப்பிராயம்.

பூமியிலும் இந்த யுக்தி பலித்தது. அமெரிக்காவில், முன்பு ஸ்கேன் செய்து பழகாத 51 பாராமெடிக்குகள் தூரத்து வைத்தியரின் குரலைக் கேட்டே ஃபாஸ்ட் பரிசோதனையைச் சராசரி 262 விநாடிகளில் முடித்ததாக 2011இல் எழுதினார்கள். ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலோ, ஆஸ்பத்திரி வெகு தொலைவு, செல்போன் அலையும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆகையால் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் ஆம்புலன்ஸிலிருந்து செயற்கைக்கோள் மூலம் படம் அனுப்பும் முயற்சியில் இறங்கினார்கள்.

சட்டைப்பையில் அடங்கும் ஸ்கேன் கருவிகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. நடுநிசியில் அழைத்தாலும் திரை முன் உட்காரக்கூடிய வைத்தியரை முறைபோட்டு வைப்பதுதான் கஷ்டம், அதற்கான செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். படம் நன்றாக விழட்டுமென்று வண்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருப்பது விபரீதம். ஓடுகிற வண்டியில் கிடைக்கிற படத்தை வைத்துக்கொண்டுதான் முடிவு சொல்லவேண்டும். கறுப்புக் கீற்று காணவில்லை என்பதும் க்ஷேமத்துக்கு அத்தாட்சியாகாது. சற்று முன்புதான் தொடங்கிய கசிவும், வயிற்றறைக்குப் பின்னால் முதுகையொட்டிச் சேரும் ரத்தமும் இந்தப் பரிசோதனைக்குத் தப்பிவிடக்கூடும். நாடி படபடத்து ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தால், திரை என்ன காட்டினாலும், வண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும்.